மதிய உளவு நேரம்

கொம்பனித்தெருவில் முகவரி உறுதிப்படுத்தல் திணைக்களம் என்று ஒன்று உண்டு. ஒருவர் எந்த வீட்டில் குடியிருக்கிறாரோ அந்த வீட்டில்தான் அவர் குடியிருக்கிறார் என்று அவருக்கே எழுத்தில் உறுதிப்படுத்திக் கொடுப்பது அதன் பணி. இது நாட்டுக்கு எவ்வளவு அவசியம் என்பது எல்லாருக்கும் விளங்காது. வெள்ளவத்தையில் வாடகை அறையில் பொலிஸ் சோதனைகளுக்கு நடுவில் காலம் தள்ளியவர்களைக் கேட்டால் சொல்லுவார்கள்.

அங்கே மூன்று கருமபீடங்கள், சனம் வரிசையில் நிற்கும் கண்ணாடிக் கவுண்டர்கள். முதலாவது சிங்களத்துக்கு. இரண்டாவது ஆங்கிலத்துக்கு, அதில் பர்ஹா என்ற பிள்ளை இருந்தாள். மூன்றாவது தமிழுக்கு. அதில் ஹியூபேட் இருந்தார்.

ஹியூபேட் கொட்டாஞ்சேனைக்காரர். தலைமயிரில் பாதியையும் கண்பார்வையில் கால்வாசியையும் அரச சேவைக்குக் கொடுத்தவர். பதவி உயர்வு என்ற ஆசை அவரைவிட்டுப் போய்க் கனகாலம். ஓய்வூதியம் இன்னும் தூரத்தில் நின்றது. இரண்டுக்கும் நடுவில் அந்த மனுசனுக்கு இருந்த ஒரே சந்தோசம் பகல் சாப்பாடு. பன்னிரண்டரை மணிக்குப் பின்னறைக்குப் போய், மனைவி அருள்நாயகி கட்டித் தந்த பார்சலை மேசையில் வைத்து, லன்ச் ஷீட்டின் நான்கு மடிப்பையும் ஒவ்வொன்றாக விரிப்பார். மாதா கோயில் பூசையில் அப்பத்தை உயர்த்தும்போது சுவாமியாரின் முகத்தில் வருகிற அடக்கம் அப்போது அவர் முகத்தில் வரும். உள்ளே சிவப்பரிசிச் சோறு, பாரைமீன் குழம்பு, பருப்பு, வல்லாரைச் சம்பல், ஓரத்தில் பொரித்த மிளகாய் இரண்டு. ஒன்றரை மணிவரை ஹியூபேட் அரசாங்க உத்தியோகத்தர் அல்ல. சும்மா ஒரு மனுசன்.

எல்லா அறிவித்தல்களும் மும்மொழியிலும் இருக்கவேண்டும் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தபோதுதான் வினை தொடங்கியது. தமிழ்ப் பலகைக்கு ஹியூபேட் 'மதிய உணவு நேரம்' என்று சரியாகத்தான் எழுதிக் கொடுத்தார். அந்தத் தாள் மூன்று மேசை தாண்டி, இரண்டு கையொப்பம் வாங்கி, ஒருகொடவத்தையில் பலகை எழுதுகிறவரிடம் போனது. அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். பலகை வந்து சேர்ந்தபோது அதில் மஞ்சள் நிறத்தில், பத்தடி தூரத்திலிருந்தும் வாசிக்கக்கூடியதாக, இப்படி இருந்தது:

'மதிய உளவு நேரம். பி.ப. 12.30 – 1.30.'

ஹியூபேட் பிழையை எடுத்துச் சொன்னார். பலகை பொறுப்பேற்கப்பட்டுக் களஞ்சியப் பதிவும் முடிந்துவிட்டதால் இனி அது பிழையல்ல, அரச சொத்து என்று களஞ்சியப் பகுதி பதில் சொன்னது. ஆகவே அவர் ஒவ்வொரு நாளும் பன்னிரண்டரைக்கு அந்தப் பலகையைத் திருப்பி வைத்துவிட்டு, எழுத்தின்படி உளவுக்கும் உண்மையில் சோற்றுக்கும் போய்க்கொண்டிருந்தார். ஒருவரும் கவலைப்படவில்லை.

ஒரு நாள் துஷாந்தினி வந்தாள். வெள்ளவத்தையில் ஒரு காப்புறுதிக் கம்பனியில் வேலை செய்கிற பிள்ளை. பூட்டிய கண்ணாடிக்கு முன்னால் நின்று பலகையை வாசித்தாள். இன்னொருக்கால் வாசித்தாள். போனை எடுத்துப் படம் பிடித்து, 'நேரம் போட்டு உளவு பார்க்கிற ஒரே நாடு' என்று எழுதி முகநூலில் விட்டாள். அன்று பின்னேரமே படம் பாரிசுக்குப் போய்விட்டது. டொரொண்டோவில் ஒரு வானொலி அதை வைத்து இரண்டு மணித்தியாலம் அழுதது. அடுத்த நாள் காலை தமிழர் மொழியுரிமை பற்றி மூன்று அறிக்கைகள் வந்தன. அவற்றில் இரண்டில் எழுத்துப்பிழை இருந்தது.

திணைக்களம் அதற்கு முன் எதையும் ஒரு மணித்தியாலத்தில் செய்து முடித்ததாக வரலாறு இல்லை. இந்தப் பலகையை ஒரு மணித்தியாலத்தில் கழற்றிவிட்டார்கள்.

பன்னிரண்டரை ஆனது. ஹியூபேட் வழக்கம்போல எழும்பினார். பணிப்பாளர் ஹேவாவசம் அவரைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"ஹியூபேட், எங்க போறீங்க?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"சாப்பிட, சேர்."

"பலகை எங்க?"

"நீங்கதானே சேர் கழற்றச் சொன்னீங்க."

பணிப்பாளர் ஒரு சுற்றறிக்கையை எடுத்து அவர் பக்கமாகத் தள்ளினார். எந்தக் கருமபீடமும் அதற்குரிய மொழியில் முறையாக அங்கீகரிக்கப்பட்ட அறிவித்தல் இன்றி மூடப்படலாகாது என்று அதில் இருந்தது. சிங்களக் கருமபீடத்துக்கு அறிவித்தல் இருந்தது. ஆங்கிலத்துக்கு 'லன்ச்' என்று இருந்தது. தமிழுக்கு மட்டும் இப்போது இல்லை.

"அறிவித்தல் இல்லாம மூடினா, தமிழ் மக்களுக்குச் சொல்லாம மூடினதா வரும். நேற்றுப் பட்டது போதாதா?"

"ஒரு எழுத்துதான் சேர் பிழை. நானே பெயின்ட் எடுத்து இப்பவே திருத்திர்றேன்."

"ஒரு எழுத்துலதானே ஹியூபேட் இவ்வளவும் நடந்தது! ஒரு எழுத்தைச் சின்னதா நினைக்காதீங்க. அதுக்கு நிபுணர் குழு போடுறோம். அவங்க சரியான சொல்லைச் சொல்லட்டும். அதுவரைக்கும் மூன்றாம் கருமபீடம் திறந்திருக்கட்டும்."

"அப்ப நான் ஒன்றரைக்குப் பிறகு சாப்பிடலாமா சேர்?"

பணிப்பாளர் உண்மையாகவே யோசித்தார். கெட்ட மனுசன் என்று அவரைச் சொல்ல முடியாது.

"ஒன்றரைக்குப் பிறகு கடமை நேரம். கடமை நேரத்தில சாப்பிட்டா ஒழுக்காற்று விசாரணை வரும். உங்களுக்கு அது வேணாம்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "உண்மையில் இது உங்களுக்கு நல்லது. நானும் பகல் சாப்பிடுறதில்ல. இப்ப எல்லாரும் அப்படித்தான். பதினாறு மணித்தியாலம் பட்டினி, எட்டு மணித்தியாலத்துக்குள்ள சாப்பாடு. போன்ல ஒரு அப் இருக்கு. வயிறு காலியா இருந்தா அது மணி அடிச்சு வாழ்த்துச் சொல்லும்."

அந்த நேரத்திலேயே அவருடைய போன் மணி அடித்தது. பணிப்பாளர் பெருமையாகச் சிரித்தார். காலை பத்தரைக்கு அவர் அறைக்குப் போன மீன் ரோல்ஸ் தட்டைப் பற்றி அந்த அப்புக்கு ஒருவரும் அறிவித்திருக்கவில்லை.

ஹியூபேட் கருமபீடத்துக்குத் திரும்பினார். பார்சல் பின்னறையில் இருந்தது. அன்று வெள்ளிக்கிழமை, சுறா வறை. அதன் வாசம் கதவிடுக்கால் வந்து அவரைத் தேடியது.

பின்னேரம் பார்சல் அப்படியே கொட்டாஞ்சேனைக்குத் திரும்பிப் போனது. கொழும்பு வெயிலில் வல்லாரைச் சம்பல் என்ன கதிக்கு ஆளாகும் என்று சொல்லத் தேவையில்லை. அருள்நாயகி பிரித்துப் பார்த்தாள், முகர்ந்து பார்த்தாள்.

"ஏன் சாப்பிடல்ல?"

"சொல் இல்ல, அருள்."

"என்ன இல்ல?"

"பகல் சாப்பாட்டுக்குத் தமிழ்ல சொல் இல்லையாம். குழு போட்டிருக்காங்க."

அருள்நாயகி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். கலியாணம் கட்டிய நாள் தொடக்கம் இந்த மனுசன் பல சாட்டுச் சொல்லியிருக்கிறார். இப்படி ஒரு சாட்டை அவள் கேட்டதில்லை.

நிபுணர் குழு அடுத்த மாதமே கூடிவிட்டது. தலைவர் ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர் ஜனாப் ஸாலிஹ். இலக்கணத்துக்கு வெள்ளவத்தைப் பண்டிதர் கதிரித்தம்பி. இன்னும் மூன்று பேர் இருந்தார்கள், அவர்கள் தலையாட்டுவதற்கு. மாதம் ஒருமுறை பதினொரு மணிக்குக் கூட்டம். இடம் மூன்றாம் கருமபீடத்துக்குப் பின்னால் உள்ள அறை. நடுவில் இருந்தது ஒரு பலகைத் தடுப்பு மட்டும். ஆகவே ஹியூபேட் சனத்துக்குப் பதில் சொல்லிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார்.

முதற் கூட்டத்தில் ஸாலிஹ் சொன்னார்: "இதுக்கு ஏன் இவ்வளவு யோசின? எங்கட ஊடுகள்ல பகல் சாப்பாடுண்டுதானே செல்ற. அதப் போட்டா முடிஞ்சி."

பண்டிதர் தொண்டையைச் செருமினார். "பகல் என்பது சூரியன் உதிச்சு மறையும் வரைக்குமான காலம். பகல் சாப்பாட்டு நேரம் எண்டு போட்டால் உத்தியோகத்தர் விடியத் தொடக்கம் பொழுதுபட மட்டும் சாப்பிட இடமிருக்கு."

"அப்ப மதிய உணவு?"

"மதி எண்டால் சந்திரன். மதியம் எண்டாலும் பழைய வழக்கில நிலவுதான். அரசாங்கம் நிலவில சாப்பிடச் சொல்லுதெண்டு நாளைக்கு ஒரு படம் வரும். ஏற்கெனவே ஒரு படம் வந்திட்டுது."

"நண்பகல்?"

"அது சரியாப் பன்னிரண்டு மணி. இடைவேளை பன்னிரண்டரைக்கு. அரை மணித்தியாலம் பொய்."

மத்தியானச் சாப்பாடு என்றபோது, சாப்பாடு என்பது வாய்ப்பேச்சு, அரச கருமத்துக்கு ஆகாது என்றார் பண்டிதர். போசனம் வடமொழி. சோறு என்றால் சீனி வருத்தக்காரர் குரக்கன் ரொட்டி தின்கிறார்களே, அவர்கள் பாரபட்சம் என்பார்கள். தலையாட்டுகிறவர்களில் ஒருவர் துணிந்து, "எல்லாரும் லன்ச் எண்டுதானே சொல்றாங்க?" என்று கேட்டுவிட்டார். பண்டிதர் மேசையில் ஓங்கி அடித்த அடியில் இந்தப் பக்கம் ஹியூபேட்டின் றபர் முத்திரை சரிந்தது.

"தமிழனுக்குப் பசிக்கத் தெரியும், அதுக்குப் பேர் வைக்கத் தெரியாதெண்டு உலகம் சிரிக்கோணுமோ?"

ஒன்றும் முடிவாகவில்லை. அடுத்த விடயத்துக்குப் போனார்கள். நிகழ்ச்சி நிரலில் கடைசி விடயம் சிங்களத்தில் 'திவா ஆகாரய' என்றும் ஆங்கிலத்தில் 'லன்ச்' என்றும் இருந்தது. தமிழில் அங்கீகரிக்கப்பட்ட சொல் இல்லாதபடியால் வெறும் புள்ளிகள் இருந்தன. ஸாலிஹ் நேர்மையானவர்; உள்ளதை உள்ளபடி வாசித்தார்.

"அடுத்தது, புள்ளி புள்ளி புள்ளி."

எல்லாரும் எழும்பிப் புள்ளி புள்ளி புள்ளிக்குப் போனார்கள். வெள்ளவத்தையிலிருந்து வந்த கோழிப் புரியாணி. தடுப்பின் ஊடாகப் பண்டிதரின் குரல் கேட்டது: "தம்பி, என்ர லன்ச் பார்சலில முட்டையைக் காணேல்லை."

அந்தக் குழு இனிச் சுலபத்தில் முடியாது என்று ஹியூபேட்டுக்கு அன்றே விளங்கிவிட்டது. சொல் கிடைத்துவிட்டால் கூட்டம் இல்லை. கூட்டம் இல்லையென்றால் புரியாணி இல்லை.

இதற்கிடையில் வேறொன்று நடந்தது. பன்னிரண்டரைக்கு முதலாம், இரண்டாம் கருமபீடங்கள் மூடிக்கொள்ள, மூன்றாவது மட்டும் திறந்திருக்கும் செய்தி ஊருக்குப் பரவியது. முதலில் கிருலப்பனை, வெள்ளவத்தைத் தமிழர் வந்தார்கள். பிறகு மருதானை, தெமட்டகொடை முஸ்லிம்கள் வந்தார்கள். பிறகு சிங்களவரும் வரத் தொடங்கினார்கள். வேலைக்குப் போகிறவர்களுக்கு வேறு எந்த நேரத்தில் வர ஏலும்? ஆனால் மூன்றாம் கருமபீடத்தில் தமிழில்தான் விண்ணப்பிக்கலாம் என்பது விதி. கேற்றடியில் நின்ற தரகர்கள் உடனே ஒரு வகுப்புத் தொடங்கினார்கள். மூன்றே மூன்று வசனம். "வணக்கம் ஐயா. எனக்கு முகவரிச் சான்றிதழ் வேண்டும். மிக்க நன்றி." மகரகமையிலிருந்து வந்த ஒரு வயதான அம்மா அதை இவ்வளவு சுத்தமாகச் சொன்னதைக் கேட்டு ஹியூபேட்டுக்கு, பசிக்கு நடுவிலும், கண் கலங்கியது.

நல்லிணக்கத்துக்குப் பொறுப்பானவர்கள் காதில் இது விழாமல் இருக்குமா? கமராவோடு வந்தார்கள். சிங்கள மக்கள் தாமாக முன்வந்து வரிசையில் நின்று தமிழ் படிக்கிறார்கள். இப்படி ஒன்றை எத்தனை கருத்தரங்கு வைத்தும் அவர்களால் செய்ய முடிந்ததில்லை. பெரிய அறிக்கை ஒன்று வெளிவந்தது. பணிப்பாளர் ஹேவாவசத்துக்கு ஒரு கேடயம் கிடைத்தது. ஹியூபேட்டுக்கும் ஒரு பாராட்டுப் பத்திரம்: 'பகற்பொழுதின் இடைவேளையைத் துறந்து மக்கள் சேவையாற்றும் சுகவாழ்வு உத்தியோகத்தர்.' அதை வழங்கும் வைபவம் பன்னிரண்டரைக்குத் தொடங்கியது. ஒன்றரைவரை பேசினார்கள். பேச்சு முடிந்ததும் விருந்தினர் சாப்பிடப் போனார்கள். ஹியூபேட்டைக் கருமபீடத்துக்கு அனுப்பினார்கள், அது கடமை நேரமாகிவிட்டபடியால்.

பத்திரத்தை அருள்நாயகியிடம் காட்டினார். அவள் அதை வாசித்துவிட்டுக் கட்டிலில் போட்டாள்.

"இதுக்காகவா மனுசன் பட்டினி கிடக்கிற? கழுத்தெலும்பு தெரியுது உங்களுக்கு. சட்டை தொங்குது." கொஞ்சம் பொறுத்து, வேறு குரலில் கேட்டாள்: "உண்மையச் சொல்லுங்க. என்ர சமையல் புடிக்காம போயிட்டா? ஒபிஸ்ல வேற ஆராவது சாப்பாடு கொண்டுவந்து தாறாங்களா?"

"அருள், சத்தியமா…"

"காலைல நாலரைக்கு எழும்பி மீன் கழுவிறேன். பின்னேரம் அதையே குப்பையில கொட்டுறேன். எனக்கும் வெக்கமா இருக்கு. நாளைக்குத் தொடக்கம் நான் கட்டல்ல."

சொன்னபடியே கட்டவில்லை. ஹியூபேட் வெறுங்கையோடு வேலைக்குப் போனார். இவ்வளவு நாளும் பசிதான் பெரிய கஷ்டம் என்று நினைத்திருந்தார். பஸ்ஸில் மடியில் பார்சலின் சூடு இல்லாமல் இருந்து போனபோது, பசி அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை என்று தெரிந்தது. அந்தக் கிழமை முடியுமுன்பே, ஒரு நாள் ஒரு மணியளவில், சான்றிதழ் ஒன்றில் முத்திரை குத்திக்கொண்டிருந்தவர் அப்படியே கருமபீடத்தில் தலையை வைத்துவிட்டார். முத்திரை நெற்றியில் பதிந்தது. 'உறுதிப்படுத்தப்பட்டது.'

வரிசையில் நின்றவர்கள் பதறிப்போனார்கள். ஒருவர் தண்ணீர் தெளித்தார். இன்னொருவர் இனிப்பு ஒன்றை வாயில் வைத்தார். ஹியூபேட் கண்ணைத் திறந்ததும் முன்னுக்கு நின்றவர் ஆதரவாகக் கேட்டார்: "அய்யா, இப்ப ஓகேயா? அப்ப என்னுடையத மட்டும் முடிச்சுத் தாறீங்களா?"

அதற்குப் பிறகுதான் குழுவின் அறிக்கை வந்தது. பணிப்பாளர் ஹியூபேட்டைக் கூப்பிட்டு மொழிபெயர்த்துச் சொல்லச் சொன்னார். ஹியூபேட் நின்றபடியே வாசித்தார்.

குழு பன்னிரண்டு சொற்களை ஆராய்ந்திருந்தது. அவற்றின் பொருளை ஆராய்ந்தது போதாதென்று வழக்கையும் ஆராய்ந்திருந்தது. ஒரு சொல் மொழியில் நிலைக்கவேண்டுமானால் அது குறிக்கும் செயல் புழக்கத்தில் இருக்கவேண்டும் என்பது பண்டிதரின் கொள்கை. திணைக்களத்தில் தமிழ்மொழிமூலம் பணியாற்றும் ஒரே உத்தியோகத்தர் கடந்த பல மாதங்களாக மேற்படி வேளையில் எதையும் உட்கொள்ளவில்லை என்பதை வரவுப் பதிவுகள் ஐயமின்றிக் காட்டின. ஆகவே மேற்படி செயல் தமிழ்மொழிமூலத்தில் வழக்கொழிந்துவிட்டது. இல்லாத செயலுக்குச் சொல் ஆக்குவது மொழிக்கு வீண் சுமை. சொல் தேவையில்லை எனக் குழு ஏகமனதாகத் தீர்மானித்ததுடன், இந்நிலைமையைத் தொடர்ந்து அவதானிக்க மாதந்தோறும் கூடுவது என்றும் முடிவு செய்தது.

"நல்ல ஆழமான அறிக்கை," என்றார் பணிப்பாளர்.

"சேர், நான் சாப்பிடாம இருக்கிறது சொல் இல்லாதபடியால. சொல் இல்லாதது நான் சாப்பிடாதபடியாலயா?"

பணிப்பாளர் இதை இரண்டு தரம் மனதுக்குள் சொல்லிப் பார்த்தார். "அதைத்தானே ஹியூபேட் அவங்களும் சொல்றாங்க. நீங்க குழுவோட உடன்படுறீங்க." பிறகு இரக்கப்பட்டு ஒரு வழி சொன்னார். பொதுமக்கள் எழுத்தில் கேட்டால் மீளாய்வு செய்யலாம். "தமிழ் மக்களுக்குப் பகல் சாப்பிடுற வழக்கம் இருக்கு எண்டு ஒரு ஐம்பது பேர் கையெழுத்து வைக்கட்டும். நான் அனுப்புறேன்."

ஹியூபேட்டுக்கு இது பிச்சை மாதிரிப் படவில்லை. சுலபமான வேலை மாதிரிப் பட்டது. ஐம்பது பேர் என்ன, பன்னிரண்டரைக்கு அவர் முன்னால் இருநூறு பேர் நிற்கிறார்கள். அன்றிரவு அழகான தமிழில் எழுதினார். 'இலங்கைத் தமிழ் பேசும் மக்களாகிய நாம் நாளாந்தம் பகலில் உணவு உண்பவர்கள் என்பதை இத்தால் உறுதிப்படுத்துகின்றோம்.' அடுத்த நாள் பேனையோடு கண்ணாடிக்கு வெளியே நீட்டினார்.

வரிசையின் முதல் ஆள் வாசித்தார். "உண்மைதான்," என்றார். "ஆனா இதுல கையெழுத்து வச்சா என்ன நடக்கும்?"

"எனக்கு ஒரு பலகை கிடைக்கும்."

"பலகை கிடைச்சா?"

"பன்னிரண்டரைக்கு நான் சாப்பிடப் போகலாம்."

அவர் பேனையைத் திருப்பித் தந்தார். அடுத்தவரும் தந்தார். ஒருவர் தனக்குத் தமிழ் எழுத வராது என்றார். ஒருவர் தான் பகலில் சாப்பிடுவதில்லை, இப்போதெல்லாம் ஸ்மூதிதான் என்றார். ஒரு ஹாஜியார் நோன்பு காலத்தில் கேட்டிருந்தால் யோசித்திருப்பேன் என்றார். என்ன அர்த்தத்தில் சொன்னார் என்று அவருக்கே தெரியாது. கடைசியில் துஷாந்தினி வந்தாள். வீடு மாறியிருந்தாள்; புது முகவரியை உறுதிப்படுத்த வேண்டும். ஹியூபேட்டுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"பிள்ளை, நீங்கதானே அந்தப் படத்தைப் போட்டது. தமிழுக்காகக் குரல் குடுத்தது நீங்கதானே. முதல் கையெழுத்து வைங்க."

துஷாந்தினி தாளை வாசித்தாள். முகம் வாடியது.

"அங்கிள், எனக்கு உங்கட கஷ்டம் விளங்குது. ஆனா எங்கட மனேஜர் இதுக்கெல்லாம் லீவு தரமாட்டார். நான் லன்ச் டைமிலதான் வரலாம்."

"எந்த டைம்ல?"

"லன்ச் டைமில."

சொன்ன பிறகுதான் அவளுக்கு விளங்கியது. நாக்கைக் கடித்தாள். பின்னால் நின்றவர்கள் "கெதியா, கெதியா" என்றார்கள். அவர்களும் லன்ச் டைமில் வந்தவர்கள்தான்.

ஹியூபேட் சான்றிதழில் முத்திரை குத்திக் கொடுத்தார். தாளை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். ஒரு கையெழுத்தும் இல்லை. தன்னுடையதைத்தான் முதலில் வைத்திருக்கலாமோ என்று ஒரு கணம் நினைத்தார். பல மாதமாகப் பகலில் சாப்பிடாத ஒருவர் அப்படிக் கையெழுத்து வைத்தால் அது பொய்ச் சாட்சியம் ஆகும் என்பதும் உடனே நினைவுக்கு வந்தது.

அந்த மாதக் கடைசியில் பர்ஹா டோஹாவுக்குக் கலியாணம் முடித்துப் போனாள். ஆங்கிலக் கருமபீடம் வெற்றிடமானது. உள்ளக விண்ணப்பம் கேட்டார்கள். ஒரே ஒரு விண்ணப்பம்தான் வந்தது.

நேர்முகப் பரீட்சையில் பணிப்பாளர் சொன்னார்: "ஹியூபேட், ஆங்கிலத்தில ஏதாவது கதைச்சுக் காட்டுங்க."

ஹியூபேட் நிமிர்ந்து இருந்து, தெளிவான உச்சரிப்பில், "லன்ச். ட்வெல்வ் தேர்ட்டி டு வன் தேர்ட்டி" என்றார்.

நேர்முகப் பரீட்சைக்கு இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிழை பிடிக்க ஒன்றும் இல்லை. தெரிவாகிவிட்டார்.

அன்று பின்னேரம் வீட்டுக்குப் போய், "அருள், நாளைக்குப் பார்சல் கட்டு" என்றார்.

"சொல் கிடைச்சிட்டா?"

"கிடைச்சிட்டு. இங்கிலீஷ்ல."

அருள்நாயகி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மீன் வாங்கச் சந்தைக்குப் போனாள்.

ஆங்கிலக் கருமபீடத்தில் ஹியூபேட்டுக்கு வேலை குறையவில்லை. வெள்ளவத்தைச் சனம் விசயத்தை மணந்துபிடித்து இரண்டாம் வரிசைக்கு மாறியது. பிள்ளைகளை இன்டர்நெஷனல் ஸ்கூலுக்கு அனுப்புகிறவர்களுக்கு அதில் ஒரு பெருமையும் இருந்தது. கொட்டாஞ்சேனைத் தமிழரும் வெள்ளவத்தைத் தமிழரும் கண்ணாடியின் இரு பக்கமும் நின்று, ஒருவருக்கொருவர் விளங்காத ஆங்கிலத்தில், ஒருவர் எங்கே இருக்கிறார் என்று மற்றவருக்கு உறுதிப்படுத்திக்கொண்டார்கள். துஷாந்தினிகூட ஒரு நாள் வந்து ஆங்கிலத்தில் நலம் விசாரித்தாள். அவரும் ஆங்கிலத்தில் நன்றி சொன்னார்.

மூன்றாம் கருமபீடம் என்னவாயிற்று? தமிழ் உத்தியோகத்தர் இல்லை என்று ஒரு பலகை வைக்கவேண்டும் என்றார்கள். அது தமிழில் இருக்கவேண்டும். தமிழ் அறிவித்தலைத் தமிழ் உத்தியோகத்தர் ஒருவர் சரிபார்த்து உறுதிப்படுத்தவேண்டும். அப்படி ஒருவர் இல்லை. ஹியூபேட் இப்போது ஆங்கில உத்தியோகத்தர். அவர் தலையிடுவது முறையல்ல. அறிவித்தல் இல்லாமல் மூடவும் கூடாது. ஆகவே மூன்றாம் கருமபீடம் சட்டப்படி திறந்தேயிருந்தது. லைட் எரிந்தது. மின்விசிறி சுழன்றது. கண்ணாடிக் கதவு திறந்திருந்தது. கதிரையில் ஒருவரும் இல்லை.

அதற்கு முன்னாலும் ஒரு வரிசை நின்றது. ஆங்கிலம் தெரியாதவர்கள், இந்த மாற்றங்கள் எதுவும் எட்டாத தூரத்திலிருந்து வருகிறவர்கள். ஒரு நாள் பன்னிரண்டரைக்கு ஹியூபேட் 'லன்ச்' பலகையைத் திருப்பி வைத்துவிட்டுப் பின்னறைக்குப் போய்ப் பார்சலை விரித்தார். பாரைமீன். முதற் கவளத்தை உருட்டும்போது தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு பெண்பிள்ளையின் குரல் கேட்டது.

"காலைல எட்டு மணியிலிருந்து நிக்கிறேன். இங்க ஆள் வரமாட்டாங்களா?"

"வருவார் புள்ள," என்றார் ஒரு கிழவர். "சாப்பிடப் போயிருப்பார்."

"எட்டு மணியிலிருந்தா?"

"பாவம். அவரும் ஒரு மனுசன்தானே. வயிறு நிறையச் சாப்பிட்டுட்டு வரட்டும். நாங்க நிப்பம்."

வரிசை முழுக்க அதை ஆமோதித்தது. ஒருவர்கூட முறுமுறுக்கவில்லை. உத்தியோகத்தர்களுக்கும் வயிறு உண்டு, சனம்தான் பொறுக்கவேண்டும் என்று யாரோ சொல்ல, இன்னொருவர் தன் மாமனும் ஒரு அரசாங்கக் கந்தோரில் பட்டினி கிடந்தே செத்தார் என்று பெருமூச்சு விட்டார்.

ஹியூபேட்டின் கை பாதியில் நின்றது. எழும்பிப் போய், அங்கே ஆளே இல்லை, நிற்கவேண்டாம், வீட்டுக்குப் போங்கள் என்று ஒரு வசனம் சொன்னால் போதும். தமிழில் சொன்னால் போதும். கதிரையைப் பின்னால் தள்ளி அரைவாசி எழும்பியும் விட்டார்.

பிறகு சுவரில் மணிக்கூட்டைப் பார்த்தார். பன்னிரண்டு நாற்பது. திரும்ப இருந்து, மீனில் முள்ளை எடுத்து ஓரமாக வைத்தார். அது அவருடைய லன்ச் நேரம்.